வையாளி: குதிரை இல்லாத மணல்வெளி

வையாளி என்ற சொல்லை நான் படித்தது அகராதியில். காதால் கேட்டது சத்திரம் பேருந்து நிலையத்தில். இரண்டுக்கும் நடுவே பத்து வருஷ இடைவெளி. வைகுண்ட ஏகாதசி கழிந்து இராப்பத்தின் எட்டாம் நாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மாள், கூட வந்த பெண்ணை விரட்டிக்கொண்டிருந்தாள்: "சீக்கிரம் ஏறுடி, வையாளி முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் போயி கூட்டத்தைத்தான் பாக்கணும்."

எம்.ஏ. தமிழ்ப் பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த சொல் அது. வையாளி: குதிரையைச் செலுத்திப் பழக்குதல். வையாளி வீதி: குதிரை பழக்கும் வெளி. செண்டுவெளி என்றும் சொல்வதுண்டு. வடமொழியின் வாஹ்யாலி தமிழுக்கு வந்து இப்படி ஆயிற்று. கன்னடத்திலும் வையாளி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம், இந்த வெளியைப் பற்றியும் அங்கே அரசன் குதிரையோடு பொழுதுபோக்குவதைப் பற்றியும் தனியாகவே பேசுகிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்தச் சொல் உயிரோடிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. பூக்கூடை அம்மாளின் வாயில் அது வெகு சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. நானும் அதே பேருந்தில் ஏறிவிட்டேன்.

சுவரோ வேலியோ இல்லாத ஒரு திறந்த வெளியில் குதிரையை எப்படிப் பழக்கினார்கள், யார் பழக்கினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. குதிரைமேல் யார் ஏறினார்கள் என்று கேட்டால் நம் இலக்கியம் வண்டி வண்டியாகப் பதில் சொல்லும். பழக்கியது யார் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியபோது கையில் வைத்திருந்த சட்டகம் நடுவழியில் என்னைக் கைவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2

ஸ்ரீரங்கம் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன்னால் உள்ள திறந்த இடத்துக்கு மணல்வெளி என்று பெயர். எதிரே சேஷராயர் மண்டபம். அதன் முன்வரிசைத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கல்குதிரைகள், மேலே ஈட்டியோடு வீரர்கள், கீழே புலியும் காலாட்களும். பதினாறாம் நூற்றாண்டு வேலை. சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்வது இந்தக் குதிரைகளைத்தான். அன்றைக்கு அவற்றுக்கு முன்னால் தங்கக் குதிரை வாகனத்தில் நம்பெருமாள் வந்தார். வாகனத்தைச் சுமந்தவர்கள் முன்னால் ஓடினார்கள், சட்டென்று நின்றார்கள், பின்னால் வந்தார்கள், மறுபடி ஓடினார்கள். கூட்டம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூவியது. இதுதான் வையாளி. இதற்குப் பிறகு வேடுபறி. திருமங்கை மன்னன் வழிப்பறி செய்ய வந்து, பெருமாளிடமே கொள்ளையடிக்கப் போய் ஆட்பட்ட கதை நடித்துக் காட்டப்படுகிறது. திருமங்கை மன்னனுக்கும் ஒரு குதிரை உண்டு. ஆடல்மா என்று பெயர்.

பக்தி எனக்குக் கொஞ்சம் தூரத்து உறவு. ஆகவே நான் பார்த்துக்கொண்டிருந்தது கால்களை. ஓட்டம், நிறுத்தம், பின்வாங்கல், திரும்பவும் ஓட்டம். மரத்தாலும் தங்கத் தகட்டாலும் ஆன குதிரை அசையாது. அசைந்தவை மனிதக் கால்கள். குதிரை எந்த மணலில் பழகியதோ அந்த மணல் கோயிலுக்குள் வந்துவிட்டது; குதிரையின் நடையும் வந்துவிட்டது; குதிரை மட்டும் வரவில்லை. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையிலும் இதேதான். இடுப்பில் கட்டிய கூட்டுக்குக் குதிரைத் தலை, ஓடுவதற்கு மனிதக் கால், அதிலும் கட்டைக் கால். குதிரையின் நடையை ஒரு சமூகம் இவ்வளவு பிரியமாகத் தன் உடலில் வாங்கி வைத்திருக்கிறது. அதே சமூகம் குதிரைக்கு அந்த நடையைக் கற்றுக்கொடுத்தவனை எங்கே வைத்திருக்கிறது?

3

சங்க இலக்கியத்தில் குதிரைக்குப் பெயர் இருக்கிறது. காரி ஏறியதற்குக் காரி, ஓரி ஏறியதற்கு ஓரி. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தை அடுக்கும் பட்டினப்பாலை, கடல் வழியே வந்த குதிரைகளை முதலில் சொல்கிறது. குதிரைக்காரனுக்கு வாதுவன் என்ற பொதுச்சொல் இருக்கிறது, தனிப்பெயர் இல்லை. அவன் ஓரளவு முழுசாக வருகிற இடம் ஒன்று மருதக்கலியில் இருக்கிறது, அது வசவு. பரத்தையிடம் போய்விட்டு வந்த தலைவன், குதிரை ஏறிவிட்டு வருவதாகப் புளுகுகிறான். தலைவி விடுவதாக இல்லை. நீ ஏறிய குதிரை எது என்று எனக்குத் தெரியும் என்று தொடங்கி, சேணம், கடிவாளம், சதங்கை என்று ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணின் அணிகலனாக மாற்றிச் சொல்லி, கடைசியில் அவனை வாதுவன் ஆக்கிவிடுகிறாள். நயம் பாராட்டி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாட்டு. இதில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் கீழே இறக்கப்படுகிறார்கள்: குதிரையாக்கப்பட்ட பெண், வசவாக்கப்பட்ட தொழிலாளி. தலைவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிகண்டுகள் ஐந்து கதி சொல்லும். மயூரகதி, வானரகதி என்று விலங்குகளின் பெயரால் ஒரு பட்டியல்; விக்கிதம், வற்கிதம் என்று வடமொழி வழியில் இன்னொரு பட்டியல். வட்டமாகவும் வளைந்தும் ஓட்டுகிற சாரி பதினெட்டு என்றும் ஒரு கணக்கு. அர்த்தசாஸ்திரம் குதிரைக் கண்காணிப்பாளனைப் பற்றிய அத்தியாயத்தில் நடைகளை வகைப்படுத்துகிறது; அங்கே வல்கனம் என்று இருப்பதற்கும் நம் வற்கிதத்துக்கும் உறவு தெரிகிறது. இன்னும் பின்னால் போனால், கி.மு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் களிமண் பலகைகள், இன்றைய துருக்கியின் போகாஸ்கோயில் கிடைத்தவை. மித்தன்னி நாட்டுக் கிக்குலி என்பவன் இட்டைட் அரசுக்காகச் சொன்ன தேர்க்குதிரைப் பயிற்சி முறை அவற்றில் இருக்கிறது: என்றைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவது, எப்போது தண்ணீர், எப்போது தீனி. அதில் ஐகவர்த்தன்ன, தேரவர்த்தன்ன, பன்ஸவர்த்தன்ன என்று சில சொற்கள் வருகின்றன. ஒரு சுற்று, மூன்று சுற்று, ஐந்து சுற்று. ஏக, த்ரி, பஞ்ச என்ற எண்கள்தான். மூவாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெளியில் எவனோ சுற்றை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. பழக்குகிறவன் தன் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கும் பிரதி அது.

நம்மிடம் அப்படி ஒன்று இல்லையா? தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952இல் நகுலன் பெயரிலுள்ள அசுவசாஸ்திரத்தைப் படங்களோடு அச்சிட்டது. இந்த மாதிரி நூல்களில் குதிரையின் நிறம், சுழி, சுழி இருக்கும் இடத்துக்குத் தக்க பலன் ஆகியவற்றுக்கு உள்ள இடம் பெரிது. நெற்றிச் சுழி நல்லது, இன்ன இடத்துச் சுழி ஆகாது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் இன்றைக்கும் குதிரை வாங்க வருகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது சுழியைத்தான். சுழி என்பது வாங்குகிறவனின் அறிவு. குதிரை தன்னை என்ன செய்யும் என்று உடைமையாளன் கேட்கிற கேள்வி அது. குதிரைக்கு எந்தப் பக்கம் திரும்பக் கஷ்டமாக இருக்கிறது என்பது வேறொருவனின் கேள்வி. சுழி பார்க்கிறவனுக்கு அது தேவைப்படுவதில்லை.

4

பாண்டிய நாட்டுக் குதிரைகளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மார்க்கோ போலோவையும் வஸ்ஸாஃபையும் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்துக்கொள்கிறேன். பாண்டிய அரசர்கள் ஐந்து சகோதரர்கள், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2000 குதிரைகள் வாங்குகிறார்கள், ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வருகின்றன, வருஷக் கடைசியில் நூறுகூடத் தேறுவதில்லை என்கிறார் போலோ. ஆண்டுக்குப் பதினாயிரம், குதிரை ஒன்றுக்கு 220 தினார் என்பது பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் கணக்கு. இருவரும் சொல்லும் காரணம் கிட்டத்தட்ட ஒன்று: இந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது. சோறும் இறைச்சியும் போடுகிறார்கள், நெய்யில் வறுத்த தானியம் போடுகிறார்கள், நாலு காலையும் கட்டிவிடுகிறார்கள், பழக்கமில்லாதவன் ஏறிப் பேய் மாதிரி ஓட்டுகிறான்.

பாடநூல்கள் இதை அப்படியே எடுத்து எழுதிவிட்டன. இது யாருடைய குரல் என்று கேட்க வேண்டாமா? கடல் கடந்து வந்து விற்கிறவர்களின் வட்டாரத்தில் புழங்கிய பேச்சு இது. போலோ தன்னையறியாமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறார்: லாடம் கட்டுகிறவர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் வியாபாரிகளே தடுத்துவிடுகிறார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் குதிரை விற்கும். அறிவை விற்காமல் உடம்பை மட்டும் விற்றிருக்கிறார்கள். (இன்றைக்கு யந்திரம் விற்கிறவர்கள் பழுது பார்க்கும் வித்தையைத் தங்களிடமே வைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி.) ஈரமும் வெக்கையுமான நெல் நாடு குதிரைக்குத் தோதான இடமல்ல என்பது உண்மைதான். அதற்காக முழுப் பழியையும் பழக்கினவன் தலையில் கட்டிய கதையாடலை நாம் சுமக்க வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்திலிருந்து வந்த குதிரைச் செட்டிகள் வருகிறார்கள், குதிரைச் சேவகர் வருகிறார்கள். விற்றவன் கல்லில் இருக்கிறான், ஏறியவன் கல்லில் இருக்கிறான்.

இந்தக் குதிரை வியாபாரத்தின் பயம் முழுவதும் ஒரு புராணத்துக்குள் பத்திரமாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கிவரச் சொல்லிக் கொடுத்த பணத்தை வாதவூரர் பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டி வருகிறார். அரசன் முன்னால் குதிரைகளின் நடையெல்லாம் நடத்திக் காட்டுகிறார். அப்புறம் கயிறு மாற்றிக் கொடுக்கிறார். கயிறு மாறிய பிறகு விற்றவனுக்குப் பொறுப்பு இல்லை. மாட்டுச் சந்தையில் இன்றும் இந்தக் கயிற்றுக்கு அர்த்தம் உண்டு. ராத்திரி லாயத்தில் குதிரைகள் நரிகளாகி, பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. இதைத் திருவிளையாடலாகவும் படிக்கலாம், வாங்கி ஏமாந்த ஓர் அரசாங்கத்தின் கெட்ட கனவாகவும் படிக்கலாம். வெளியில் காட்டும்போது மயூரகதி, கட்டுத்தறியில் நரி. பழகிய குதிரை, பழகியதாகக் காட்டப்பட்ட குதிரை என்ற வித்தியாசத்தைத் தமிழில் இவ்வளவு உக்கிரமாகச் சொன்ன பிரதி வேறு எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி லாயத்தில் காவல் இருந்த குதிரைக்காரர்களின் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

5

தேசிங்குராஜன் கதையில் வேறு வகையான மறைப்பு. செஞ்சியை ஆண்ட பொந்தில ராஜபுத்திரன் தேஜ்சிங் 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் நடந்த சண்டையில் செத்தான்; அது வரலாறு. பெரிய எழுத்துக் கதையில் அவன் வாழ்வு தொடங்குவதே ஒரு குதிரையில். டெல்லி பாதுஷாவின் பாராசாரிக் குதிரையை யாராலும் அடக்க முடியவில்லை. அடக்கப் போன தகப்பன் சிறையில் இருக்கிறான். பிள்ளை போய் ரங்கநாதரை வேண்டிக்கொண்டு ஏறுகிறான், அடக்கிவிடுகிறான். செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்து ரங்கநாதர். இந்தப் பெயருக்கும் நான் நின்ற மணல்வெளிக்கும் பழைய தொடர்பு உண்டு. படையெடுப்புக் காலத்தில் ஊர் ஊராக அலைந்த நம்பெருமாளை, செஞ்சியிலிருந்த கோபணார் கொண்டுவந்து வைத்திருந்து, 1371இல் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஒரே சவாரியில் அடங்குகிற குதிரை ராஜா கதைகளில் மட்டும்தான் உண்டு. மாதக்கணக்கான வேலையை ஒரு கணத்து வீரமாக மாற்றுவது அந்தக் கதைகளின் வேலை. புளூட்டார்க் சொல்லும் அலெக்சாண்டர் கதையிலும் இது உண்டு. ஆனால் அந்தச் சிறுவன், குதிரை தன் நிழலைப் பார்த்து மிரள்கிறது என்று கவனித்து, அதைச் சூரியன் பக்கம் திருப்பினான் என்று ஒரு வரி இருக்கிறது. ஏதோ ஒரு குதிரைக்காரனின் அறிவு அந்த வரியில் கசிந்திருக்கிறது. நம் கதையில் கசியவில்லை, சாமி வந்துவிட்டார்.

பிறகு நடந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். 1750களில் இதே திருச்சியைச் சுற்றி மைசூர்க் குதிரையும் மராட்டியக் குதிரையும் பிரெஞ்சு, ஆங்கிலக் காலாட்படைகளும் அலைந்தன; 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது; அடுத்த வருஷம் பொன்மலைச் சண்டை. வரிசையாய் நின்று சுடுகிற காலாட்களுக்கு முன்னால் குதிரையின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கம்பெனிப் படைக்கு ஓசூரில் குதிரைப் பண்ணை வந்தது. நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளுக்கு வேலர் என்றே பெயர் ஆயிற்று. பிற்காலத்தில் அந்தப் பண்ணை மாட்டுப் பண்ணையாகிவிட்டது. திருச்சிக் கன்டோன்மென்ட் பக்கம் ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்றது. அந்தத் திறமைக் கணக்கில் குதிரைக்குத் தரும் பயிற்சியையும் சேர்த்திருந்தது. வாதுவனின் வேலைக்கு ஒரு நீதிமன்றத்தில் கிடைத்த மரியாதை நம் இலக்கணத்தில் கிடைக்கவில்லை.

6

இதுவரை எழுதியதும் என் கட்டுரை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடிவுக்கு ஃபூக்கோ தயாராக இருந்தார். 1975இல் வந்த அவருடைய புத்தகம், பழக்கப்பட்ட உடல் எப்படி உருவாக்கப்படுகிறது என்பதற்கு முதலில் ஓர் அடைப்பைக் கேட்கிறது: சுவர் சூழ்ந்த இடம், பாசறை, பள்ளி, ஆலை. ஐரோப்பியக் குதிரைப் பள்ளியும் அப்படித்தான். வியன்னாவின் குதிரைப் பயிற்சிக் கூடம் 1735இல் கட்டி முடிந்தது, கூரையும் தூண்களும் உள்ள மாளிகை. சுவரை ஒட்டியே குதிரை நேராக நடக்கக் கற்கிறது. ஆகவே குதிரை, அதிகாரம், உடல் என்று மூன்று பக்கம் எழுதிவிடலாம். அந்த நினைப்போடு சத்திரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 2021 கடைசியில் புதிதாகக் கட்டித் திறந்த நிலையத்துக்கு வெளியே உள்ள கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அந்தக் காலத்தில் ஜட்கா ஓட்டியவர் என்று கடைக்காரர் சொன்னார். வயது எண்பதை நெருங்கும். பெயரை அவர் போட வேண்டாம் என்றார். "ராவுத்தர்னு போடுங்க, அதுவே போதும்."

போதும்தான். ராவுத்தர் என்பதே குதிரை வீரனைக் குறித்த பெயர். அருணகிரிநாதர் மயில் ஏறுகிற முருகனைக்கூட ராவுத்தன் என்று கூப்பிட்டிருக்கிறார்.

"குதிரைய எங்க பாய் பழக்குவீங்க?" என்று கேட்டேன்.

"எங்கன்னா? ஆத்துலதான். மேட்டூர்ல தண்ணி தொறக்கறதுக்கு முன்னாடி காவேரி பூரா மணலு. அதைவிட வெளி எங்க கெடைக்கும் தம்பி?"

அப்புறம் ஒரு மணி நேரம் அவர் பேசியதை நான் பேருந்துச் சீட்டின் பின்பக்கத்திலும் கையிலுமாக எழுதிக்கொண்டேன். அதன் சாரத்தை என் மொழியில் தருகிறேன். சில இடங்களில் அவர் மொழி தப்பி வந்துவிடும்.

காய்ந்த மணலும் ஆகாது, தண்ணீர் ஓரத்துச் சேறும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே, கால் வைத்தால் குளம்பு மட்டும் புதைகிற ஈர மணல் வேண்டும். ஆழ மணலில் ஓட்டினால் குதிரை சீக்கிரம் அடங்கும், ஆனால் கால் நரம்பு போய்விடும். அவசரக்காரன் செய்கிற வேலை அது. முதல் பத்துப் பதினைந்து நாள் முதுகில் ஒன்றும் கிடையாது. நீளக் கயிறு ஒன்று, நடுவில் ஆள், சுற்றி வட்டம். "எல்லாக் குதிரைக்கும் ஒரு கை ஒசத்தி, ஒரு கை மட்டம், நம்மள மாதிரியேதான். மட்டமான கைப் பக்கம் கொஞ்சமாச் சுத்தணும், ஆனா அடிக்கடி சுத்தணும். வலிக்கிற பக்கமே விடாமச் சுத்துனா அது நம்மள வெறுத்துரும்." எனக்கு உடனே கிக்குலி நினைவுக்கு வந்தான். ஒரு சுற்று, மூன்று சுற்று.

திறந்த வெளியின் பெரிய தொந்தரவு வீடு. சிந்தாமணிப் பக்கம் அவருடைய லாயம். குதிரையை அந்தப் பக்கம் திருப்பினால் பறக்கும். திருவானைக்கா பக்கம் திருப்பினால் கல் மாதிரி நிற்கும். சுவர் இருந்தால் இந்த வம்பு தெரியாது என்று அவரே சொன்னார். நான் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. இதற்கு அவர்கள் செய்தது என்ன? தீனியைத் தூரத்துக் கோடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலையை அந்தக் கோடியிலேயே முடித்தார்கள், சேணத்தையும் அங்கேயே அவிழ்த்தார்கள். லாயத்தைப் பார்த்து வரும்போது ஓடவே விட மாட்டார்கள். நடை, நிறுத்தம், நடை, நிறுத்தம். நேர்வழியாகவும் வர மாட்டார்கள், வளைந்து வளைந்துதான். கொஞ்ச நாளில் குதிரைக்கு வீடு எந்தப் பக்கம் என்ற கவலை குறையும்.

நேராக நடக்க வைக்க மணலில் தென்னை மட்டை ஊன்றுவார்கள், ஐம்பது அறுபது அடிக்கு ஒன்று. ஆள் பார்க்க வேண்டியது அடுத்த மட்டையை. குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டு வந்தால் குதிரை கோணிக்கொண்டு போகும். மூலை என்று ஒன்று இல்லாத இடத்தில், குதிரை திரும்ப நினைப்பதற்கு நாலு அடி முன்னாலேயே ஆள் திருப்பிவிட வேண்டும். இழுத்துப் பிடிக்கக் கூடாது. பிடி, விடு, பிடி, விடு. விடாமல் பிடித்தால் வாய் கெட்டுப்போகும். "வாய் கெட்ட குதிரைய யாரு ஓட்டுனாலும் அது ஓட்டுறவனத்தான் ஓட்டும்." இதெல்லாம் ஆன பிறகு ஒரு கட்டையைப் பின்னால் கட்டி இழுக்க விடுவார்கள், பின்னாலிருந்து வரும் சத்தம் பழக. அதற்கும் பிறகுதான் வண்டி.

சுவர் இல்லாத இடத்தில் பழக்குவதற்குக் குதிரைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் ஃபூக்கோவிடம் கற்கவில்லை. அடைப்பை எடுத்துவிட்டால் அதிகாரம் போய்விடும் என்றும் இதற்கு அர்த்தமில்லை. பசி, லாயத்து நினைப்பு, களைப்பு இவற்றின் வழியே அது இன்னும் நுணுக்கமாக வேலை செய்கிறது. அந்த அளவுக்குச் சட்டகம் நிற்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சுவரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆற்றில் சுவர் ஏது?

பெரியவரைத் தியாகி ஆக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. ஜட்காக் குதிரைகளை என் சின்ன வயதில் கடைசியாகப் பார்த்திருக்கிறேன். விலா எலும்பு தெரியும், முதுகில் புண், அதன்மேல் ஈ. சாட்டை சும்மா இருந்ததில்லை. கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பழக்குறப்ப அடிக்க மாட்டோம். வண்டியில பூட்டுனதுக்கப்புறம் அடிச்சிருக்கோம், இல்லேங்கல. நாலு சவாரி கெடைக்கலேன்னா அதுக்கும் கொள்ளு கெடையாது, எங்களுக்கும் கஞ்சி கெடையாது. ஆட்டோ வந்ததுக்கப்புறம் குதிரைய வச்சிக்கிட்டு என்ன பண்ண? வித்துட்டேன். கயிறு மாத்திக் குடுத்தப்ப அது என்னப் பாக்கவேயில்ல."

கயிறு மாற்றிக் கொடுத்தது என்று அவர் சொன்னபோது புராணத்தைச் சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒரு குதிரை முழுசாகப் பழகிவிட்டது என்று எப்போது முடிவு செய்வீர்கள் என்பது என் கடைசிக் கேள்வி. பெஞ்சிலிருந்தபடியே எதிரே கையைக் காட்டினார். "இங்க கொண்டாந்து நிப்பாட்டுவோம். சத்திரத்துல. பஸ்ஸு பின்னாடி ஹாரன் அடிக்கும், அந்தப் பக்கம் மலைக்கோட்டைக்கு மேளம் போவும், புகை, சனம். ஒரு பீடி பத்த வச்சுக் குடிச்சு முடிக்கிற மட்டும் கால மாத்தாம நின்னுச்சுன்னா பழகிருச்சு." மூன்று மாத மணலும் கயிறும் கடைசியில் இந்தப் பேருந்து நிலையத்தில் வந்து சும்மா நிற்பதற்காகத்தான். ஐந்து கதியிலும் பதினெட்டு சாரியிலும் நிற்பதற்குப் பெயர் இல்லை.

வையாளியைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் அவர் முந்திக்கொண்டார். ஏகாதசிக் கூட்டத்தை இங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போனதே முப்பது வருஷம். உள்ளே போய்ப் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறார்.

"ஓடுறாங்க, நிக்கிறாங்க, திரும்புறாங்கன்னு சொல்றீங்க. திரும்புறப்ப எந்தக் கைப் பக்கம் மொதல்ல திரும்புறாங்க?"

நான் கவனிக்கவில்லை.

"அடுத்த தடவ பாத்துட்டு வந்து சொல்லுங்க தம்பி" என்றார். ஒன்றாம் நம்பர் வந்து நின்றது.